புதைத்தால் அழியுமா?

கடத்தூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டைக் கோடை மழைக்குப் பின் உழுது போட்டு, ஒரு வாரம் கழித்துச் சென்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். உழுத அன்று மண் சிவந்து கிடந்தது. புல் இல்லை, பூண்டு இல்லை. ஏழெட்டு நாட்களில் அதே காடு பச்சை போர்த்து நிற்கிறது! சாரணை ஒருபுறம், குப்பைக்கீரை ஒருபுறம், பண்ணைக்கீரை ஒருபுறம், இவற்றை நெருக்கித் தள்ளிக்கொண்டு பார்த்தீனியம் எல்லாப் புறமும்! விதைத்தவர் யார்? கேழ்வரகுக்கும் சாமைக்கும் நிலத்தைப் பண்படுத்திய உழவர் விதைக்கவில்லை. காற்று ஒரே வாரத்தில் இத்தனையையும் சுமந்து வந்து கொட்டியிருக்கவும் இயலாது. பின், எங்கிருந்து வந்தன இவை?

கேட்டுப் பாருங்கள், விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "அது மண்ணின் குணம்" என்பார் ஒருவர். "பூமாதேவி வெறுமனே இருப்பாளா?" என்பார் மற்றொருவர். "நாள் பார்த்து ஏர் கட்டினாயா? கரிநாளில் உழுதால் களைதான் வரும்" என்பார், பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி, மூன்றாமவர். நான்காவது விடையைச் சொல்பவள், வெயிலில் குனிந்த முதுகு நிமிராமல் களைக்கொத்துப் பிடித்திருக்கும் பெண். அவள் சொல்கிறாள், "எங்கள் தலையெழுத்து" என்று.

நான்கு விடைகள். நான்கும், கேள்வியைத் திறக்க வந்தவை அல்ல, மூட வந்தவை. முதல் மூவர் சொன்ன விடைகளுக்கு விலை கொடுப்பவள், நான்காவது விடையைச் சொல்கிற அந்தப் பெண்!

தமிழன் இந்தச் செடிக்கு இட்ட பெயரைப் பாருங்கள்: களை. பெயர்ச்சொல் என்று எண்ணிச் சொன்னால் செடி. ஏவல்வினை என்று எண்ணிச் சொன்னால், 'அகற்று' என்னும் கட்டளை. பெயரிலேயே பணியைப் பொதிந்து வைத்தது நம் மொழி. வள்ளுவரும் உழவு அதிகாரத்தில், உழுதலையும் எருவிடுதலையும் அடுத்துக் களையெடுத்தலை வைத்தே பேசுகிறார். கொடியோரை அரசன் ஒறுத்தலுக்கும் களையெடுத்தலையே உவமை ஆக்குகிறார். அகற்று என்று அறிந்திருந்தோம். ஆனால், அகற்ற அகற்ற வருவது எங்கிருந்து என்று கேட்டோமா? கேட்டவர்களின் வரலாறுதான் இக்கட்டுரை.

மண் தானாகவே உயிரைப் பிறப்பிக்கும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலே, சில செடிகளும் சிற்றுயிர்களும் விதையின்றித் தாமே தோன்றும் என்றுதான் எழுதினார். அவர் சொன்னதாயிற்றே என்று ஐரோப்பா நூற்றாண்டுகள் பலவாக அதனை ஓதிக்கொண்டிருந்தது. 1668-இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியை மெல்லிய துணியால் மூடி வைத்து, ஈ உட்காராத இறைச்சியில் புழு தோன்றாது என்று காட்டினார். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர், வளைந்த கழுத்துடைய குடுவைகளைக்கொண்டு, நுண்ணுயிரும் தானே தோன்றுவதில்லை என்று மெய்ப்பித்தார். உயிர் உயிரிலிருந்தே வரும். செடி விதையிலிருந்தே வரும். எனில், உழுத நிலத்தில் விதைக்காமல் முளைக்கும் செடிக்கும் எங்கோ விதை இருந்தாக வேண்டும் அல்லவா?

இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார் சார்லஸ் டார்வின். சிறு குட்டை ஒன்றின் ஓரத்தில், நீருக்கடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுத்தார். உலர்ந்தபின் அதன் எடை ஆறே முக்கால் அவுன்சு, ஒரு தேநீர்க் கோப்பை கொள்ளும் அளவு. ஆறு மாதம் தம் படிப்பறையில் அதை மூடி வைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537! 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு கோப்பைச் சேற்றில் 537 உயிர்கள் உறங்கினவென்றால், ஓர் ஏக்கர் செம்மண்ணில் எத்தனை உறங்கும்!

அடுத்த கேள்வியை எழுப்பியவர் அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் பீல். மிச்சிகன் வேளாண் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர். "ஆண்டுதோறும் களை பறிக்கிறோம், ஆண்டுதோறும் முளைக்கிறது. எத்தனை ஆண்டு பறித்தால் தீரும்?" — இது உழவனின் கேள்வி. விடை சொல்ல, புதைந்த விதை எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்று தெரிய வேண்டும். 1879-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் இருபது புட்டிகளை எடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில், வகைக்கு 50 விதைகளாக, ஈர மணலோடு கலந்து ஒவ்வொரு புட்டியிலும் இட்டார். வாயை அடைக்காமல், நீர் தங்காதபடி தலைகீழாகச் சாய்த்து, கல்லூரி வளாகத்தில் மண்ணுக்குள் புதைத்தார்.

ஐந்தாண்டுக்கு ஒரு புட்டி என்று தோண்டி, விதைத்துப் பார்த்தார். தாம் ஓய்வு பெறும் காலம் வந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்தார்; அவர் தமக்கு அடுத்தவரிடம் ஒப்படைத்தார். இடைவெளி பத்தாண்டு ஆயிற்று. பின்னர் இருபதாண்டு ஆயிற்று. பீல் மறைந்தார், கேள்வி மறையவில்லை! 2000-இல் எடுத்த புட்டியில், 120 ஆண்டு புதைந்து கிடந்த 'வெர்பாஸ்கம்' என்னும் செடியின் 50 விதைகளில் 23 முளைத்தன. 2020-இல் எடுக்க வேண்டிய புட்டி, கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. 141 ஆண்டு கழிந்தும் அந்தச் செடியின் விதைகள் முளைவிட்டன. இன்னும் நான்கு புட்டிகள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசிப் புட்டி 2100-இல்தான் வெளிவரும்.

அந்த ஆராய்ச்சியாளர்கள் புட்டியைத் தோண்டச் சென்றது பகலில் அன்று; இரவில், இருட்டில். விதைகளின் மேல் பகலொளி பட்டுவிடக் கூடாது என்று அத்துணைக் கவலை! திருடச் சென்றவர்கள் போல இருட்டைத் தேடுவானேன்? ஒளிக்கும் விதைக்கும் என்ன உறவு?

அந்த உறவு தெரியும் முன்பே, ஒரு கொடிய போர் அதனை உலகின் கண்முன் காட்டிவிட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில், பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் பீரங்கிக் குண்டுகள் வயல்களைக் கிளறி எறிந்தன. பதுங்குகுழி வெட்டினர், சவக்குழி வெட்டினர். அப்படிக் கிளறிய மண்ணிலெல்லாம் செந்நிறப் பாப்பிப் பூக்கள் பூத்தன. வீழ்ந்த வீரரின் குருதியே பூவாயிற்று என்றனர் உருகியவர்கள். பாப்பியோ அந்நாட்டுத் தானிய வயல்களின் பழைய களை. அதன் நுண்ணிய விதைகள் ஆண்டுக்கணக்காக மண்ணுக்குள் காத்துக் கிடந்தன. குண்டு அவற்றைப் படைக்கவில்லை. மேலே கொணர்ந்தது, அவ்வளவே.

போர் முடிந்த அதே 1918-இல், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, புதைந்த களை விதைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார் வினிபிரட் பிரெஞ்ச்லி. அந்நிலையத்தில் ஆய்வாளராக அமர்ந்த முதல் பெண்மணி அவர். உழவு நிறுத்திப் பல காலம் புல்தரையாக விட்ட நிலங்களின் மண்ணை எடுத்து, தட்டுகளில் பரப்பி நீர் ஊற்றினார். உழவுக்காலத்துக் களைகள் முளைத்தன! மேலே பார்த்தால் அமைதியான பசும்புல். அடியிலோ, பழைய வயலின் பகை முழுதும் பத்திரமாக இருந்தது. மண் மறக்கவில்லை!

சரி, கிளறியதும் முளைக்கிறதே, கிளறலில் எது எழுப்புகிறது? காற்றா, வெப்பமா, ஒளியா?

ஒளி பற்றிய விடை கீரை விதையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில், ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரும் அவர்தம் தோழர்களும் 1952-இல் லெட்டூஸ் கீரையின் நனைந்த விதைகள் மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சினர். சிவப்பொளி பட்டவை, நூற்றுக்கு எழுபதும் அதற்கு மேலும் முளைத்தன. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் தொலைச்சிவப்பொளியை அதன்பின் பாய்ச்சினால், ஏழுக்கு மேல் முளைக்கவில்லை. மீண்டும் சிவப்பு, மீண்டும் முளைப்பு. மீண்டும் தொலைச்சிவப்பு, மீண்டும் உறக்கம். எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன் சொல்லையே விதை கேட்டது.

விதைக்குள் ஒரு நிறமி இருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தனர். 1959-இல் செடியிலிருந்து அதனைக் கருவிகளால் கண்டறிந்தனர். 'பைட்டோகுரோம்' என்று பெயர் பெற்றது. 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளி அதனை விழித்த நிலைக்கு மாற்றும். 730 அளவிலான தொலைச்சிவப்பு, உறங்கும் நிலைக்குத் திருப்பும். விழித்த நிறமி, முளைப்பைத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் பொருளை விதைக்குள் பெருக்குகிறது.

இதிலுள்ள நுட்பத்தைக் காணுங்கள். பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது. தொலைச்சிவப்பைக் கீழே விட்டுவிடுகிறது. ஆகவே, அடர்ந்த பயிரின் நிழலில் கிடக்கும் விதை, 'தலைக்கு மேல் இடமில்லை' என்று அறிந்து உறங்குகிறது. பயிர் நீங்கி வெட்ட வெளியானால், சிவப்பொளி பட்டு விழிக்கிறது. கண் இல்லை, மூளை இல்லை; நிழலுக்கும் வெளிக்கும் வேறுபாடு தெரிகிறது!

மண்ணுக்குள் ஒளி புகுவதோ ஒருசில மில்லிமீட்டர்தான். இங்கேதான் வேல்ஸ் நாட்டு அபரிஸ்டுவித்தில் வெஸ்ஸனும் வேரிங்கும் செய்த சோதனை சிறப்புப் பெறுகிறது. அதன் முடிவுகள் 1967-இலும் 1969-இலும் வெளிவந்தன. அவர்கள் புல்வெளியில், இரவின் இருட்டில் குழிகளைத் தோண்டினர். சில குழிகளைக் கண்ணாடியால் மூடினர். சிலவற்றை ஒளி புகாதபடி மூடினர். மண் ஒன்று, மழை ஒன்று, கிளறிய முறை ஒன்று. ஒளி புகுந்த குழிகளில் நாற்றுகள் திரண்டன. இருட்டுக் குழிகளில் நாற்று இல்லை. மற்றொன்றும் கண்டனர்: புதிதாய் உதிர்ந்தபோது இருட்டிலும் முளைக்க வல்ல விதைகள் பலவும், மண்ணுக்குள் சில காலம் கிடந்தபின், ஒளியின்றி முளைக்க மறுத்தன. புதைபட்டதால் வந்த குணம் அது!

புதைந்து கிடக்கும் காலத்தில் இந்த உணர்வு எவ்வளவு கூர்மை அடைகிறது என்பதை, ஊமத்தைக் குடும்பத்துச் செடியொன்றைக்கொண்டு 1991-இல் அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். உழும்போது மண் புரளுகையில், நொடியில் ஒரு சிறு கூறு அளவே வெயில் பட்டு மீண்டும் மூடப்பட்டாலும், அந்தக் கணமே அதற்குப் போதும்!

ஏன் இத்தனை ஏற்பாடு? களை விதை பெரும்பாலும் மிகச் சிறிது. அதன் கட்டுச்சோறு ஓரிரு அங்குலப் பயணத்துக்கே போதும். ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேருமுன் பட்டினியால் மடியும். ஆகவே, ஒளி என்பது அதற்கு 'மேற்பரப்பு அருகில்' என்னும் செய்தி. ஒளியோடு வேறு செய்திகளும் உண்டு: மேல்மண்ணில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்கும், கிளறிய மண்ணில் காற்றோட்டமும் நைட்ரேட் சத்தும் கூடும். இவையும் விதையை எழுப்பும். இப்படி முளைக்கும் திறன் யாரும் வகுத்துக் கொடுத்ததன்று. தவறான காலத்தில் முளைத்தவை வழியற்று மடிந்தன. காத்திருந்தவை விதை ஈன்றன. டார்வின் கண்ட இயற்கைத் தேர்வு அது.

எல்லாக் களைக்கும் ஒளியே சாவி என்று எண்ணிவிடவும் கூடாது. கோரை கிழங்கால் வருகிறது. அறுகு தண்டால் படர்கிறது. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக்கு எழுப்பும் மணி வேறு: தனக்கு இரையாகும் பயிரின் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள். அத்தகைய பொருளொன்றைப் பருத்தி வேரிலிருந்து 1966-இல் பிரித்தெடுத்தனர். ஒட்டுண்ணிக்கு, உழைப்பவன் வந்துவிட்டான் என்ற செய்தி போதும், விழித்துக்கொள்ள!

இவ்வளவும் தெரிந்தபின் ஒருவர் கேட்டார்: ஒளிதான் எழுப்புகிறது என்றால், இரவில் உழுதால் என்ன? செருமனியின் ஹார்ட்மன் உழுது பார்த்தார். 1990-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, பகலில் உழுத நிலத்தில் நூற்றுக்கு 80 பங்கு களை மூடிற்று. இருட்டில் உழுத நிலத்தில் 2 பங்கு. உலகம் வியந்தது. வியந்ததோடு நின்றதா? இல்லை, மற்ற நாட்டார் தத்தம் மண்ணில் உழுது பார்த்தனர். சில இடங்களில் களை குறைந்தது. சில இடங்களில் பயன் சிறிதே. சில இடங்களில் வேறுபாடே இல்லை. மேலாகக் கிடந்த விதைகளுக்கு உழவின் ஒளி தேவைப்படவில்லை. வேறு சில இனங்களுக்கு ஒளியே தேவையில்லை. "பெரியவர் சொன்னார், ஐயுறாதே" என்று யாரும் சொல்லவில்லை. சோதித்தார்கள், ஏற்க வேண்டியதை ஏற்றார்கள், குறைக்க வேண்டியதைக் குறைத்தார்கள். அறிவியலுக்கும் ஐதீகத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு இதுதான்.

இனி, கடத்தூர்க் காட்டுக்குத் திரும்புவோம். கரிநாள் பார்த்து ஏர் கட்டியவரிடம் சொல்லலாம்: விதைக்கு இராகுகாலம் தெரியாது, ஈரம் தெரியும், வெப்பம் தெரியும், வெளிச்சம் தெரியும். "அகல உழுவதினும் ஆழ உழு" என்னும் பழமொழியையும் சோதித்தே ஏற்க வேண்டும். ஆழ உழுவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும், வேர் இறங்க வழி செய்யும், மெய். ஆனால் இவ்வாண்டு ஆழப் புதைத்த களை விதையை, அடுத்த ஆழ உழவு உயிரோடு மேலே கொணரும், அதுவும் மெய்.

எனவே, அறிந்தவர் செய்வது இது: மழைக்குப்பின் நிலத்தைக் கிளறி, களையை முளைக்க விடுவர். வெளிவரட்டும் என்று பொறுத்திருப்பர். முளைத்தபின், அடிமண்ணைப் புரட்டாமல் மேலாகக் கீறி அழிப்பர். அதன்பின் பயிர் விதைப்பர். பயிர் இடையே வெற்று மண் தெரியாதபடி சருகும் தாளும் பரப்புவர். எல்லாவற்றுக்கும் மேலாக, களை பூத்து விதை உதிர்க்கும் முன் பறிப்பர். 1955-ஐ ஒட்டிப் புனேயில் கண்ணில் பட்ட பார்த்தீனியம் இந்நாடு முழுதும் பரவியது, பூக்க விட்டுப் பார்த்திருந்ததால் அன்றோ? பூத்தபின் பறிப்பவன், பறித்துக்கொண்டே விதைக்கிறான்! இவ்வளவும் தெரிந்தால், அந்தப் பெண்ணின் முதுகு நிமிரும் நாள் சற்று முந்தி வரும். தலையெழுத்து என்று அவள் சொன்னது, தலைமுறைகள் எண்ணிப் பாராமல் உதிரவிட்ட விதை.

தோழர்களே! மண்ணின் வரலாறு இது. அதே தர்மபுரி மாவட்டத்து மனிதரின் வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது 1967-இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்தில். சாதி ஒழிந்து வருகிறது, மண்ணுக்கடியில் போய்விட்டது என்று மேடையில் பேசினோம். மேலே பசும்புல் தெரிந்தது, மகிழ்ந்தோம். 2012 நவம்பர் 7 அன்று, இருவர் சாதி கடந்து மணந்ததைக் காரணமாக்கி, நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் தீக்கும் சூறைக்கும் இரையாயின. ஒரே நாளில் முளைத்த பகையா அது? புதைந்திருந்தது. எவர் கிளறினாலும் எழக் காத்திருந்தது.

மனிதன் விதையல்லன், அவனுக்கு மூளை உண்டு, மாற வல்லவன். ஆகவே உவமையை அளவோடு கொள்வோம். கொள்ள வேண்டிய அளவு இது: புதைப்பது வேறு, அழிப்பது வேறு. பேசாமல் விட்டது செத்துவிட்டதென்று எண்ணுவது, மேற்பரப்பைப் பார்த்து நிலத்தை அளப்பது. கிளறினால் களை வருமே என்று அஞ்சி உழாதிருப்பவன் பயிரும் காணான். கிளறுவோம், உள்ளிருப்பது வெளிச்சத்துக்கு வரட்டும். வந்ததும் சோர்ந்துபோய், "சீர்திருத்தம் பேசித்தான் இது கிளம்பிற்று" என்று பின்வாங்க வேண்டாம். சீர்திருத்தம் அதனை விதைக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. முளையிலேயே, பூத்து உதிருமுன், ஆண்டுதோறும் அலுக்காமல் அகற்றுவதே மிச்சமுள்ள வேலை.

பீல் புதைத்த கடைசிப் புட்டி 2100-இல் வெளிவரும். அதைத் திறக்கப்போகிறவர் இன்னும் பிறந்திருக்கவும் மாட்டார். ஆயினும், இடம் குறித்த குறிப்பு கைமாறிக் கைமாறிச் செல்கிறது. நாமும் நம் மண்ணில் எது எங்கே புதைந்து கிடக்கிறது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைப்போம். பெயரைச் சொன்னாலே பணி விளங்கும் மொழி நம்முடையது: களை!